பாயிரத்துக்கு விட்ட பக்கம்

கை நடுங்க ஆரம்பித்துவிட்டால் அச்சுக்கோப்பவன் வீட்டில் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அதனால் நானாகவே கேட்டு ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நடந்து நடந்து நான் வேலை பார்த்த பிரிக்பீல்ட்ஸ் அச்சுக்கூடத்து வாசலில் போய் நிற்கிறேன். உள்ளே இருப்பவர்களும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

போன வாரம் அங்கே ஒரு சண்டை. பத்திரிகைகளில் இப்போது மாணவர்களுக்கென்று தனிப்பக்கம் விடுகிறார்கள் அல்லவா? அதில் கதை எழுதிப் பேர் வாங்கிய ஒரு பையனின் கதைகள் புத்தகமாக வருகின்றன. பையனுக்கு மீசைகூட இன்னும் சரியாக அரும்பவில்லை. கோக்கிறவர்கள் நம் ஆட்கள்தான். கோத்துக்கொண்டே அவனைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவனா எழுதியிருப்பான்? அப்பா பெரிய ஆபீசுல கணக்கெழுதற கிராணி. வாத்தியார் யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாரு" என்றான் ராஜு. எனக்குப் பிறகு என் இடத்தில் நிற்பவன் அவன்.

"அவனே எழுதுனதா இருக்கட்டும். தலை நரைச்ச ஆளுங்க பிரதியெல்லாம் அலமாரியில தூங்குது. இவனுக்கு என்ன அவசரமாம்?" என்றான் பக்கத்து ஆள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாய் மூடியிருந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். "அண்ணே, நீங்க சொல்லுங்களேன். சின்னதுங்க எழுதறதெல்லாம் நெசமா சொந்தச் சரக்கா?" என்று ராஜு கேட்டான். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் மிஷின் ஓட ஆரம்பித்ததால் அவன் காதில் ஒன்றும் விழவில்லை. "எழுதியே குடுத்துடுங்க அண்ணே, நம்ம ஆண்டு மலர்ல போட்டுடுவோம்" என்றான். வாழ்நாளெல்லாம் பிறர் எழுதியதைக் கோத்தவனை எழுத வைத்துவிட்டான். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் அவனைத் திட்டுங்கள்.

தொழில் கற்ற கதையை நீட்ட மாட்டேன். கிள்ளானில் மாமா ஒருவர் நோட்டீசு அடிக்கும் சிறிய அச்சுக்கூடம் வைத்திருந்தார். எழுத்து எந்தக் குழியில் கிடக்கிறது என்று கை தானாகப் பழகும்வரை அடி வாங்கினேன். பழகியதும் கோலாலம்பூருக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் சேர்ந்தேன். அங்கே போர்மனாக இருந்தவர் நல்லமுத்து. அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம்.

மேஸ்திரி சத்தம் போட மாட்டார். அதுதான் பயம். தப்பாகக் கோத்தவன் பக்கத்தில் வந்து நின்று, அவன் கையிலிருக்கும் ஸ்டிக்கை, அதாவது எழுத்தை வரிசையாக அடுக்கும் அந்த இரும்புத் தட்டை, வாங்கிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தப்பு எங்கே என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கிறவரை வியர்த்துக் கொட்டும்.

அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. முதலாவது, பிரதியில் இல்லாத எழுத்து ஸ்டிக்கில் ஏறக் கூடாது. எழுதியவர் தப்பாக எழுதியிருந்தாலும் நாம் திருத்தக் கூடாது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அவருக்கே அனுப்ப வேண்டும். "நாம கையி. தலை அவங்களது" என்பார். இரண்டாவது சட்டம், முகப்புப் பக்கம் கடைசியில்தான் ஏறும். புத்தகம் எழுதியவரின் பெயரை மேஸ்திரி மட்டும்தான் கோப்பார். அதற்கு முன்னால் பின்பக்கக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவார். கோயிலுக்குப் போகும்போதுகூட அவர் அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை. இன்னார் எழுதியது என்று போட்டுவிட்டால் அது ஊருக்குச் செய்யும் சத்தியம் என்பது அவர் கட்சி.

பிரதியைப் பற்றியும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. புதுப்பிரதி வந்தால் முதலில் படிக்க மாட்டார். புரட்டுவார். எத்தனை இடத்தில் அடித்திருக்கிறது, எங்கே மேலே எழுதிச் செருகியிருக்கிறது என்று பார்ப்பார். அடித்தலும் திருத்தலுமாக அழுக்காக இருந்தால் அவர் முகம் மலரும். "மூளை நேரா நடக்காதுடா. இடிச்சுக்கிட்டு, திரும்பி வந்துதான் நடக்கும். சுத்தமா இருக்கற பிரதி வேற எங்கேயோ நடந்துட்டு இங்க வந்து படுத்திருக்கு" என்பார். எங்களுக்கெல்லாம் அது வேதம்.

வேதம் பொய்க்காத ஒரு சமயம் உண்டு. கான்டிராக்டர் ஒருவரின் மகன், காலேஜ் படிக்கப் போகிற வயது, பக்திப் பாட்டுப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தான். பட்டு அங்கவஸ்திரம், தங்கக் கடிகாரச் சங்கிலி, பின்னால் குடை பிடிக்க ஆள். பிரதி பார்க்க முத்துக் கோத்தது மாதிரி இருந்தது. மேஸ்திரி புரட்டினார், மூடினார். பையன் புரூப் பார்க்க வந்த அன்று மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்தப் பாட்டோட மூணாவது அடி மேல மை கொட்டிடுச்சு. சித்த வாயால சொல்லிடுங்களேன், எழுதிக்கிறேன்."

பையன் தலையைச் சொறிந்தான். "வாத்தியார கேட்டுச் சொல்லட்டுமா?" என்றான்.

"நல்லாக் கேளுங்க" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான். புத்தகம் வெளிவராமல் இல்லை. முதலாளிக்கு வேண்டியவர் மகன். ஆனால் முகப்புப் பக்கத்தில் அந்தப் பெயரை முதலாளியே வந்து தடவித் தடவிக் கோத்தார். மேஸ்திரி அன்றைக்குத் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டார். பையனுக்கு மாலை போட்டார்கள், ஊர்வலம் விட்டார்கள், இளங்கவி என்று பட்டமும் கொடுத்தார்கள். ஆகவே ராஜு, நீ சந்தேகப்படுவது சும்மா இல்லை. அப்படியும் நடந்திருக்கிறது, என் கண்முன்னால்.

அதற்கு அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால்தான் நான் சொல்ல ஆரம்பித்த அந்தப் பெண் செங்கமலம் வந்தாள். முதல் பெரிய யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த சமயம்.

அவள் அப்பா வீராசாமி செந்தூல் ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். அம்மா செந்தூலுக்கு அப்பால் ஒரு சூளையில் செங்கல் சுமப்பவர். பட்டறை ஆட்கள் சேர்ந்து ஒரு பஜனைக் கூட்டம் நடத்தினார்கள். அதில் இந்தப் பெண் கட்டிய பாட்டுகளைத்தான் பாடுவார்களாம். தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலில் புத்தகமாகப் போட்டு விற்கலாம் என்று கூட்டம் முடிவு செய்திருந்தது. வீராசாமி எங்கள் மேஸ்திரி முன்னால் வந்து நின்றார். கை இரண்டும் சம்மட்டி பிடித்துக் காய்த்துப் போயிருந்தன. அந்தக் கையில் பிரதியை ஏந்திக்கொண்டு நின்றார். பின்னால் தாவணி போட்ட ஒல்லிப் பெண். பதினாலு வயது இருக்கும்.

மேஸ்திரி புரட்டினார். ஒரு பக்கம், அடுத்த பக்கம், கடைசிவரை. ஓர் அடித்தல் இல்லை. ஒரு செருகல் இல்லை.

"யாரு எழுதுனது?" என்றார்.

"எம் மவதாங்க."

"கையெழுத்தக் கேக்கல. பாட்ட."

"அதுவும் அவதாங்க."

"ஒரு அடித்தல் திருத்தல் இல்லையே" என்றார் மேஸ்திரி.

வீராசாமிக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. "ஆமாங்க. ரொம்பச் சுத்தமா எழுதுவா" என்றார். நாங்கள் குனிந்து, குழி குழியாக இருக்கும் எழுத்துப் பெட்டியான கேஸில் எழுத்துப் பொறுக்குகிற மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எங்களையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் செய்யுள் நூல் என்றால் முகப்புக்கு அடுத்த பக்கத்தில் சாற்றுக்கவி இருக்க வேண்டும். பெரிய புலவர் ஒருவர், இந்த நூல் நல்ல நூல், இவர் நல்ல கவி என்று நாலு வரி பாடிக் கொடுப்பார். அது இல்லாவிட்டால் கடைக்காரன்கூட வாங்கி வைக்க மாட்டான். பாயிரத்துக்கு விட்ட பக்கம் என்று அதைக் காலியாக வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிப்போம். வீராசாமி எங்கள் ஊர்ச் சபை வித்துவானிடம் போனார். வித்துவான் நல்ல மனிதர்தான், ஆனால் முறை என்றால் முறை. அவர் சொன்னதை வீராசாமி எங்களிடம் வந்து அப்படியே ஒப்பித்தார்: "வயசு வந்த பொண்ண சபையில நிறுத்திக் கேள்வி கேக்கறது முறையில்லையாம். கேள்வி கேக்காம பாயிரம் குடுக்கறதும் முறையில்லையாம்."

"அப்ப என்னதான் முறையாம்?" என்று நான் கேட்டேன். எனக்கு இளவயது, வாய் நிற்காது.

"எம் பேர்ல புஸ்தகத்தப் போட்டா யோசிப்பாராம்" என்று வீராசாமி தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் கையெழுத்தே போட வராதுன்னு அவருக்குத் தெரியல."

மேஸ்திரி பிரதியை மறுபடி ஒருதடவை புரட்டினார். பிறகு, "ஒரு பக்தை இயற்றியதுன்னு போட்டுடுவோம். யாரா இருந்தாலும் பக்தைதான். பொய்யும் இல்ல" என்றார். அவர் அளவில் அது பெரிய சலுகை. தன் இரண்டாவது சட்டத்துக்கும் பழுதில்லாமல், ஏழை மனிதன் மனமும் நோகாமல் ஒரு வழி.

அப்போதுதான் அந்தப் பெண் முதல்தடவையாக வாயைத் திறந்தாள். "பேரு போடலன்னா புஸ்தகம் வேணாம்பா. நாம வாயாலயே பாடிக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வேண்டாத சாமானைக் கடையில் திருப்பிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். வீராசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பஜனைக் கூட்டத்துக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேரு கடைசியில. அதுக்கு இன்னும் நாள் இருக்கு. வேலைய ஆரம்பிப்போம்" என்றார். வீராசாமி போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

முதல் பாரங்கள் சிக்கலில்லாமல் போயின. சில பக்கங்களை ஒன்றாகச் சட்டத்தில் பூட்டினால் ஒரு பாரம். ஒரு பாரத்தை அடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பழையபடி குழிகளில் போட்டு, அதே எழுத்துகளை எடுத்து அடுத்த பாரம் கோப்போம். எங்களிடம் இருந்த எழுத்து அவ்வளவுதான். கடைசிப் பாரத்தில் வந்தது வினை. அதில் ஒரு போற்றிப் பகுதி. முருகன் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் போற்றுவது. இப்படி ஆரம்பிக்கும்:

வேலனை வள்ளி மணாளனை - மயில்
மீதினில் ஏறும் குணாளனை
சீலனைச் செந்தில் குமாரனை - நல்ல
சிந்தையில் வைத்தடி போற்றுவமே

இந்த மாதிரி பாட்டுக்குப் பாட்டு. பார்த்தீர்களா, எங்கு திரும்பினாலும் ‘னை’. எங்கள் தொழிலில் ‘னை’ என்பது ஒரே அச்சு. முன்னால் ஒரு சுழியை ‘ன’வோடு ஒட்டி ஒன்றாக வார்த்திருப்பார்கள். அந்தக் குழி இரண்டு பாட்டிலேயே துடைத்துவிட்டது போல ஆகிவிட்டது. மிச்ச ‘னை’ எல்லாம் எங்கே என்றால், கிள்ளான் சங்கம் ஒன்றின் விதிப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. நிபந்தனை, ஆலோசனை, தண்டனை என்று பக்கத்துக்குப் பக்கம் அவர்களும் ‘னை’யை வாரி இறைத்திருந்தார்கள். அந்த புரூப் கிள்ளானுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. புரூப் திரும்பாத பாரத்தை மேஸ்திரி பிரிக்க விட மாட்டார். சென்னையிலிருந்து எழுத்து வரவழைக்கக் கப்பலுக்கு நாள் ஏது? ஊரில் இருந்த இன்னொரு தமிழ் அச்சுக்கூடமும் தைப்பூச வேலையில் முழி பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் ஓர் எழுத்துக்கூடக் கடன் தர மாட்டார்கள்.

எங்களில் ஒருவன், "ஐகாரச் சுழியத் தனியா வெச்சு, பக்கத்துல ‘ன’வப் போட்டா என்ன மேஸ்திரி? ‘கை’, ‘தை’க்கெல்லாம் அப்படித்தானே போடறோம்?" என்றான்.

மேஸ்திரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் நாலு நாள் பேசியிருக்க மாட்டான். "அது எழுத்தாடா?" என்றார்.

சனிக்கிழமை பட்டறை அரைநாள். மத்தியானம் வீராசாமியும் மகளும் புரூப் பார்க்க வந்தார்கள். வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் மேஸ்திரியே கொஞ்சம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. எழுத்து தீர்ந்துபோன கதையைச் சொன்னார். பிறகு செங்கமலத்தைப் பார்த்து, "இந்தப் பகுதிய மாத்தணும் புள்ள. இந்த எழுத்து வராத மாதிரி. வீட்டுக்குப் போயி, எழுதுனவங்ககிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வா" என்றார்.

எழுதுனவங்ககிட்ட. வாய் தவறி வந்ததா, வேண்டுமென்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மை கொட்டிய கதைதான் நினைவுக்கு வந்தது. மிஷின் ஆள்கூட மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

வீராசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் கையைத் தொட்டாள். "எழுதுனவ இங்கதாங்க நிக்கிறேன்" என்றாள் மேஸ்திரியிடம். "என்னென்ன எழுத்து இருக்குன்னு நான் பாக்கலாமா?"

வெளியாட்களைக் கேஸ் பக்கம் விடுவதே கிடையாது. முதலாளியின் தம்பியையே ஒருதடவை மேஸ்திரி விரட்டியிருக்கிறார். இப்போது அவர் ஒதுங்கி நின்றார். பெண் வந்து என் கேஸ் முன்னால் நின்று குழி குழியாகப் பார்த்தாள். எழுத்து தலைகீழாகவும் கண்ணாடியில் தெரிகிற மாதிரியும் இருக்கும், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணே, ‘லை’ இருக்கா?" என்று என்னைக் கேட்டாள். நிறைய இருக்கிறது என்றேன். "‘ளை’?" இருக்கிறது. "‘றா’?" கொஞ்சம் இருக்கிறது, பார்த்துச் செலவு செய்யணும் என்றேன். சந்தையில் காய்கறி பார்க்கிற மாதிரி பார்த்து முடித்தாள்.

பிறகு பாரம் பூட்டும் கல்மேசை பக்கமாகப் போனாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, விரல் நுனியால் அந்தக் கல்லில் தாளம் தட்டினாள். உதடு அசைந்தது. மழைச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் மெல்லக் கிட்டே போனேன். மேஸ்திரி எனக்கு முன்னால் போயிருந்தார்.

அவள் ஓர் அடியை முனகினாள். தலையை ஆட்டி, "இது வேணாம்" என்றாள், தனக்குத்தானே. அதையே வேறு மாதிரி முனகினாள். பாதியில் நிறுத்தினாள். பின்னுக்குப் போனாள். ஒரு சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றைப் போட்டுத் தட்டிப் பார்த்தாள். அது தாளத்துக்குச் சரியாக வந்தது, ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதையும் எறிந்தாள்.

மேஸ்திரி என் தோளைப் பிடித்தார். "கேட்டியா?" என்றார் காதோடு. "அடித்தல் திருத்தல் எல்லாம் வாயிலேயே நடக்குதுடா."

அடேயப்பா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை காலம் பிரதியில் தேடிக்கொண்டிருந்த கோடுகள் எல்லாம் அந்தக் குழந்தையின் வாயில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. பிறகு ஒருநாள் கேட்டதற்குச் சொன்னாள்: "காயிதம் கெடைக்காதுங்கண்ணே. முழுசா வந்தப்புறம்தான் எழுதுவேன். அதுவரைக்கும் தண்ணி தூக்கறப்ப, பாத்திரம் தேய்க்கறப்ப பாடிக்கிட்டே இருப்பேன்." கோணலைப் பூராவும் வெளியே கழித்துவிட்டுத்தான் காகிதத்துக்கு வந்திருக்கிறாள். எங்கள் மேஸ்திரிக்கு அது தெரிய வழியில்லை. எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் காகிதத்துக்குப் பஞ்சமில்லாதவர்கள்.

அவள் திரும்பினாள். "வந்துடுச்சுங்க. எழுதிக் குடுக்கட்டா?" என்றாள்.

மேஸ்திரி காகிதம் எடுத்துக் கொடுக்கவில்லை. என் கையிலிருந்த ஸ்டிக்கை வாங்கினார். கேஸ் முன்னால் போய் நின்றார். "சொல்லு தாயி" என்றார்.

பிரதி இல்லாமல் ஓர் எழுத்து ஸ்டிக்கில் ஏறக் கூடாது என்று எங்களையெல்லாம் ஆட்டிப்படைத்தவர் அவர். அவள் பாடினாள், அவர் கை குழிக்குக் குழி ஓடியது. அவர் விரல் ஓடுகிற வேகம் பார்த்து அவள் இழுத்தும் நிறுத்தியும் பாடினாள்.

கல்லைச் சுமந்தவள் பாலைச் சுமக்கிறாள்
காலடி ஏறுது பத்துமலை
சொல்லிக் கரையாத பாரத்தை எல்லாம்உன்
தோள்பன்னி ரண்டிலும் வைத்திடுவாள்

வீராசாமி மூலையில் இருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் பெண்டாட்டி சூளையில் கல் சுமப்பவர், அந்த வருஷம் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டிருந்தார். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் முதலில் எழுதிக் கொண்டுவந்த வேலனை, சீலனை எல்லாம் நல்ல பாட்டுத்தான். ஆனால் அந்த மாதிரி நான் நிறையக் கோத்திருக்கிறேன். காதில் விழுந்த பேர்களை அடுக்கினால் யாருக்கும் ஓரளவு வரும். பஜனையில் கேட்டுக் கேட்டு அவளும் அப்படித்தான் அடுக்கியிருந்தாள். சந்தேகப்பட்டவர்களைக் குருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ‘னை’ தீர்ந்துபோன பிறகு வந்ததுதான் வேறு. அடுக்கி வைத்திருந்த பேர்கள் கையைவிட்டுப் போனதும் அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருந்தது அவள் வீடும் அவள் அம்மாவும்தான். அதை எடுத்தாள். ஒரு மத்தியானத்தில், மழையில், நாங்கள் வேடிக்கை பார்க்க, சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் இருக்கும்போதே அந்தப் பகுதி முழுவதையும் பாடி முடித்துவிட்டாள். பெரியவர்கள் இதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டும் வராது.

திங்கட்கிழமை மேஸ்திரி குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். வந்து, செந்தூல் வீராசாமி மகள் செங்கமலம் இயற்றியது என்று கோத்தார். அவ்வளவு நிதானமாக அவர் கோத்து நான் பார்த்ததில்லை. கோத்து முடித்துவிட்டு அப்படியே நின்றார். முகப்புக்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தது. வித்துவானின் சாற்றுக்கவி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் மறுபடி ஸ்டிக்கை எடுத்தார். யாரும் பிரதி கொடுக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே வரி கோத்தார்:

இப்பாட்டுகளைப் பாடியவர் இப்பெண்ணே.
எங்கள் காதால் கேட்டோம்.

கீழே, அச்சுக்கோப்போர் என்று போட்டார். தன் பெயரைப் போடவில்லை.

"பிரதி எங்க மேஸ்திரி?" என்றேன். வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு என் வேலை போயிருக்கும்.

"காதுல இருக்கு" என்றார்.

வித்துவான் ஒரு வேலையாக அச்சுக்கூடத்துக்கு வந்தபோது அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அச்சுக்கோக்கிறவங்க பாயிரம் எழுதற காலமும் வந்துடுச்சா?" என்று கேட்டார். மேஸ்திரி எழுந்து நின்று மரியாதையாக, "பாயிரம் இல்லீங்க ஐயா. சாட்சி" என்றார். வித்துவான் புத்தகத்தை வாங்கி உள்ளே புரட்டினார். அந்தக் கடைசிப் பகுதியில் வெகுநேரம் நின்றார். வந்த வேலையைச் சொல்ல மறந்துவிட்டுப் புத்தகத்தோடு போய்விட்டார்.

சின்னதுகளுக்குக் கிடைக்கிற பேர் தகுந்ததுதானா என்று ராஜு கேட்டான். அந்தக் கான்டிராக்டர் மகனுக்குக் கிடைத்தது தகாதது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செங்கமலம் அப்புறம் எழுதினாளா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. கல்யாணமாகிக் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனாள் என்று கேள்வி. வேறு புத்தகம் எங்கள் அச்சுக்கூடத்துக்கு வரவில்லை. அதனால் அந்த ஒன்று குறைந்துவிடுமா? வயது எத்தனை, இனிமேல் எழுதுவாளா, இதுவரை எத்தனை வருஷம் உழைத்தாள் என்றெல்லாம் அந்த மழையில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்று நினைத்தாலும் அப்படித்தான் நிற்கிறேன். நீ கோத்துக்கொண்டிருக்கிற பையனிடம் போய்ப் பேசு. பிரதியை மட்டும் புரட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே. எங்கள் மேஸ்திரியே அதில் சறுக்கினார்.

தைப்பூசத்தன்று விசேஷ ரயிலில் புத்தகக் கட்டோடு நான் பத்துமலைக்குப் போயிருந்தேன். பஜனைக் கூட்டத்தோடு சேர்ந்து மலையடியில் விற்றோம். கட்டு அவிழ்க்க அவிழ்க்கத் தீர்ந்தது. வாங்கியவர்கள் அங்கேயே பிரித்து, படிக்கத் தெரிந்தவர் ஓர் அடி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லி, படியேறும்போதே பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு எங்களை விட்டுவிட்டுத் தானாக மலையேறிப் போனது. முன்பின் தெரியாத ஜனங்கள், தோட்டத்திலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள்.

கையிலிருந்தது தீர்ந்ததும் நானும் ஏறினேன். பாதிப் படியில் செங்கமலமும் அவள் அம்மாவும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா மஞ்சள் புடைவை கட்டி, தலையில் பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. விரதத்தில் கோயிலிலேயே தங்கியிருந்ததால் மாற்றிய பாட்டை அவர் கேட்டதும் இல்லை. மேலே யாரோ ஒரு கூட்டம் கல்லைச் சுமந்தவள் என்று எடுத்தது. பின்னால் இன்னொரு கூட்டம் அதை வாங்கிப் பாடியது.

அம்மா நின்றார். "யாருடி அது, கல்லு சுமந்தவ?" என்று மகளைக் கேட்டார்.

"நீதாம்மா."

அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பால்குடத்தை வழியில் இறக்கக் கூடாது. இரண்டு கையும் குடத்தில் இருந்ததால் முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. செங்கமலம் ஒரு படி மேலே ஏறி நின்று, தாவணித் தலைப்பால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பாடிக்கொண்டு வந்த ஜனங்கள் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒதுங்கி வழிவிட்டு, யார் என்று தெரியாமலே பாடிக்கொண்டு ஏறிப் போனார்கள்.